மழை வரைக்கும் சுபைறா

இயேசு பிறந்த கொட்டிலில் நின்ற மாடு யாருக்குச் சொந்தம் என்று இரண்டு பெண்கள் நாற்பது வருஷத்துக்கு மேல் வாதாடியதை என் இரண்டு காதாலும் கேட்டிருக்கிறேன். ஒருத்தி என் கூடப்பிறந்த மூத்தவள் சுபைறா. தங்கச்சி நான் ராத்தா என்று கூப்பிடுகிறவள். மற்றவர் சொறிக்கல்முனை செல்லத்தங்கம், எனக்குத் தங்கம் அக்கா. மாடு இயற்கை, ஆகவே அது என்னுடையது என்பாள் ராத்தா. பாலன் இயேசுவுக்குப் பக்கத்தில் நிற்கிற மாடு வேதத்தைச் சேர்ந்தது, ஆகவே என்னுடையது என்பார் தங்கம் அக்கா. கடைசியில் மாடு ராத்தாவுக்கு, அது நின்ற இடத்து வைக்கோல் தங்கம் அக்காவுக்கு என்று ஒரு தீர்ப்பானது. ஆனாலும் வருஷா வருஷம் அப்பீல் நடந்தது. என்னைக் கேட்டிருந்தால் இரண்டையும் விற்றுவிட்டுப் போய் வேலையைப் பாருங்கள் என்றிருப்பேன். என்னை யாரும் கேட்கவில்லை.

ராத்தா ஊரில் ஒரு பதவியும் வகித்தவள் அல்ல. மாவடிப்பள்ளியில் வீட்டு வளவுக்குள் நெல் அவித்து, காயவைத்து, மில்லில் குத்தி, அரிசி விற்றவள். இரண்டு பெண்பிள்ளைகளைக் கட்டிக் கொடுத்தவள். அவளைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று அவளே கேட்பாள். இருக்கிறது. இலங்கையின் இந்தக் கிழக்குக் கரையில் கிறிஸ்தவத் திருநாள்களை வைத்து மழையையும் வெயிலையும் காற்றையும் அறிந்துகொண்ட முஸ்லிம் பெண் அவள் ஒருத்திதான் என்று நினைக்கிறேன்.

எல்லாம் கல்முனையில் கன்னியர் நடத்திய மடத்துப் பள்ளிக்கூடத்தில் தொடங்கியது. மாவடிப்பள்ளியிலிருந்து பஸ் ஏறி அங்கே படிக்கப் போன எங்கள் பெண்பிள்ளைகளை அப்போது விரல்விட்டு எண்ணிவிடலாம். ராத்தா போனாள். அங்கே தமிழ் படிப்பித்த மதர் ஒரு பாட்டுப் பைத்தியம். கன்னியாஸ்திரிகளை நாங்கள் மதர் என்றுதான் சொல்வோம். அவரிடம் அட்டை கிழிந்த ஒரு கவிதைப் புத்தகம் இருந்தது. அட்டையோடு எழுதியவரின் பெயரும் போய்விட்டது. யாரோ ஒரு கத்தோலிக்கச் சுவாமியார் எழுதியது என்பார்கள். நிச்சயமாக எங்கள் பக்கத்தை அறிந்தவர். ஏனென்றால் நத்தார் என்கிற கிறிஸ்மஸுக்கு அவர் பனி கொட்ட வைக்கவில்லை. வெள்ளம் வர வைத்தார்.

ஒவ்வொரு திருநாளுக்கும் அதில் ஒரு கவிதை. முன்பாதியில் அந்த நேரத்து மழை, காற்று, வயல், பறவை. பின்பாதியில் ஜெபம். திருநாள் வந்தால் காலைக் கூட்டத்தில் ஒரு பிள்ளை அதை உரத்து வாசிக்க வேண்டும். பள்ளிக்கூடத்திலேயே நல்ல குரல் ராத்தாவுக்கு. மதர் அவளைப் பிடித்துக்கொண்டார். செய்தி வீட்டுக்கு வந்ததும் எங்கள் வாப்பா சட்டையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டார்.

"மதர், எண்ட புள்ள மழயப் பத்தி வாசிக்கட்டும். மரத்தப் பத்தி வாசிக்கட்டும். எல்லாம் அல்லாஹ் படைச்சதுதானே. அதுக்கங்கால வேணாம்" என்றார்.

மதர் கோபிக்கவில்லை. ஒரு பென்சிலை எடுத்து, புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, இயற்கை முடிந்து ஜெபம் தொடங்குகிற இடத்தில் எல்லாம் ஒரு கோடு போட்டார். பிறகு சொறிக்கல்முனையிலிருந்து வந்து படித்த செல்லத்தங்கத்தைக் கூப்பிட்டார். "கோட்டுக்கு மேல சுபைறா. கீழ நீ" என்றார். வாப்பா சலாம் சொல்லிவிட்டு நிம்மதியாக வந்து சோறு தின்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் 'மழை வரைக்கும் சுபைறா' என்று ஒரு பேச்சே உண்டாயிற்று. ஒரு வேலையைப் பாதியில் விட்டால் உம்மா அதைச் சொல்லித்தான் ஏசுவார்.

நத்தார்க் கவிதையில் மட்டும் மதரின் கோடு நேராக விழவில்லை. மாட்டின் முதுகில் ஏறிப் போய்விட்டது. அதிலிருந்துதான் அந்த வழக்கு.

வாடை கொணர்ந்த வெள்ளத்திலே
வரம்பு மட்டும் தலைநீட்ட,
மாடு நனைந்து கொட்டிலிலே
மெல்ல நின்று அசைபோட,

இவ்வளவும் ராத்தா. உடனே தங்கம் அக்கா எடுப்பார்:

வைக்கோல் மீது வந்துறங்கும்
வானக் குழந்தை வாழியவே.

பள்ளிக்கூடம் முடிந்து போகிற அன்று மதர் அந்தப் புத்தகத்தை இரண்டு பேருக்கும் சேர்த்துக் கொடுத்தார். ஒருத்தி மட்டும் இருந்து வாசிக்கக் கூடாது, பாதிக் கவிதை கவிதை இல்லை என்று ஒரு கட்டளையும் போட்டார். புத்தகம் தங்கம் அக்காவின் வீட்டுக்குப் போனது. எங்கள் வீட்டுக்கு வந்தால் வாப்பா பின்பாதிகளைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார் என்று ராத்தாவுக்குத் தெரியும்.

கல்யாணம் வந்தது. ராத்தாவை மாவடிப்பள்ளியிலேயே காலிதீன் மச்சானுக்குக் கொடுத்தோம். தங்கம் அக்கா சொந்த ஊரிலேயே வயல் செய்கிற ஒரு கமக்காரருக்கு வாழ்க்கைப்பட்டு, பவிதரன் என்ற ஒரே பிள்ளையோடு இளம் வயதில் புருஷனை இழந்து தனித்தும் போனார். ஆனால் திருநாள்கள் நிற்கவில்லை. அதற்கு அவர்கள் ஒரு முறை வைத்திருந்தார்கள். திருநாளுக்கு முதல் நாள் தங்கம் அக்கா நீலக்கரை போட்ட ஒரு பீங்கான் கோப்பையில் ஏதாவது தீன்பண்டம் வைத்து அனுப்புவார். அதுதான் அழைப்பு. மறுநாள் பின்னேரம் ராத்தா அந்தக் கோப்பையை நிரப்பிக்கொண்டு போவாள். எங்கள் பக்கத்தில் வெறும் கோப்பையைத் திருப்பிக் கொடுப்பது கொடுத்தவரை அவமதிப்பது போல. கொடுத்த கோப்பை திரும்பி வராமல் இரண்டாவது கோப்பை அனுப்புவதும் முறையில்லை. அது கேட்டு வாங்குவது போல.

ராத்தா அங்கே போனால் அசர் தொழுவதற்குத் தங்கம் அக்கா ஒரு பாயைத் தனியாகக் கழுவிச் சுருட்டி மூலையில் வைத்திருப்பார். தொழுது முடித்த பிறகு புத்தகம் வெளியே வரும். கோட்டுக்கு மேலே இவள், கீழே அவர். ஐந்து நிமிஷ வேலை. மிச்ச நேரம் எல்லாம் ஊர்க்கதை.

எங்கள் மாதங்கள் பிறை பார்த்து வருபவை. நோன்பு ஒரு காலம் மாரி மழையில் வரும். இன்னொரு காலம் கச்சான் காற்றில் வந்து நாக்கை உலர்த்தும். அவர்களுடைய நத்தார் அப்படி இல்லை. மாரியை விட்டு அசையாது. உயிர்த்த ஞாயிறு கொஞ்சம் முன்பின் ஆடினாலும் அறுவடை முடிந்த தாளடியைத் தாண்டிப் போகாது.

"எங்கட பெருநாள் நடக்கிற ஆளு. உங்கட பெருநாள் நட்ட மரம்" என்று ராத்தா ஒருமுறை சொன்னாள்.

"அப்ப நடக்கிற ஆளு வந்து மரத்துக்குக் கீழ இரிக்கட்டுமேகா" என்றார் தங்கம் அக்கா.

ராத்தாவுக்கு முன்பாதிகள் எல்லாம் மனப்பாடம். நெல் அவிக்கும்போது வாய் சும்மா இராது. வயலில் விதைப்புத் தொடங்கி முதல் மழை விழுந்தால், இறந்தவர்களை அவர்கள் நினைக்கிற ஆத்துமாக்கள் நாளின் வரி வந்துவிடும். 'புதைத்த விதையை மழை வந்து பேர்சொல்லி எழுப்பும் கார்த்திகையில்' என்பாள் கொல்லைக்குள் நின்று. நடுவருஷத்தில் மேற்கேயிருந்து சுடுகாற்று வந்தால் நற்கருணைத் திருநாள். 'கச்சான் வந்து கதவைத் தட்ட, காய்ந்த ஓலை கதைபேச' என்று தொடங்கி, அப்படியே நிறுத்திவிடுவாள். எல்லாம் அந்தரத்தில் நிற்கும். கேட்கிற எனக்குத் தும்மல் வந்து நின்றுபோனது போல இருக்கும்.

"மிச்சத்தச் சொல்லன்" என்பேன்.

"எனக்குத் தெரியாது. அது தங்கத்திட."

நாற்பது வருஷம் பக்கத்தில் இருந்து கேட்டவளுக்குத் தெரியாதாம். பச்சைப் பொய். ஆனால் அவள் வாயிலிருந்து பின்பாதியில் ஒரு சொல் வந்ததை நான் கேட்டதில்லை. வாப்பா மௌத்தான பிறகும் அவருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினாள்.

காலிதீன் மச்சானுக்கு இதெல்லாம் சிரிப்பு. "நெல்லு அவியிறத்துக்கு வெறகுதான் வேணும். கவி ஊத்தினா அவியாது" என்று சொல்லிவிட்டு, பானைக்குப் பக்கத்திலேயே கதிரையைப் போட்டு உட்கார்ந்து கேட்பார்.

யுத்தம் வந்தது. தமிழர் ஊருக்கு முஸ்லிமும் முஸ்லிம் ஊருக்குத் தமிழரும் போகப் பயந்த வருஷங்கள் அவை. இரண்டு பக்கமும் செத்தார்கள். எங்கள் சொந்தத்தில் மூன்று வீட்டில் அழுகை. அப்போதுகூட இவர்கள் விடவில்லை. கல்முனைச் சந்தையில் ஒரு துணிக்கடை வாசலில் சந்தித்து, நின்றபடியே வாசித்துவிட்டுப் பிரிவார்கள். ஒரு குருத்து ஞாயிறன்று கடைக்காரர் வந்து, "சேல எடுக்கப் போறீங்களா, பிரசங்கம் பண்ணப் போறீங்களா?" என்று துரத்திவிட்டாராம். அதை இரண்டு பேரும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அவ்வளவையும் தாண்டி வந்த வாசிப்பு இரண்டாயிரத்துப் பத்தொன்பதில் நின்றது.

அந்த வருஷம் உயிர்த்த ஞாயிறுக்கு முதல் நாள், சனிக்கிழமை பின்னேரம், பவிதரன் மோட்டார் சைக்கிளில் வந்து கோப்பையைத் தந்தான். பயத்தம் பணியாரமும் கொக்கிசும். "அம்மா நாளைக்குப் பின்னேரம் வரட்டாம், மாமி" என்றான். ஞாயிறு காலையில் ராத்தா அடுப்பு மூட்டவில்லை. தலைக்குக் குளித்து, நல்ல அபாயாவை எடுத்துக் கொடியில் போட்டிருந்தாள். அப்போதுதான் தொலைக்காட்சியில் அந்தச் செய்தி வந்தது. பூசை நேரத்தில் தேவாலயங்களில் குண்டுகள். கொழும்பு, நீர்கொழும்பு. பிறகு மட்டக்களப்பு என்றார்கள். மட்டக்களப்பு எங்களுக்குத் தூரத்து ஊர் அல்ல. சின்னப் பிள்ளைகள் என்றார்கள். ராத்தா தொலைக்காட்சிக்கு முன்னால் நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

செய்தவர்களின் பெயர்கள் தெரிய வந்தன. எங்கள் பெயர்கள். எங்கள் பிள்ளைகளுக்கு வைக்கிற பெயர்கள். எனக்கு ஆத்திரம் வந்து கத்தினேன், யாரைப் பார்த்துக் கத்துவது என்று தெரியாமல் கத்தினேன். ராத்தா கோப்பையை எடுத்துக்கொண்டு போய்ப் பணியாரத்தைக் கோழிக்குப் போட்டாள். யாரும் அதை வாயில் வைக்கக்கூடிய நிலையில் இருக்கவில்லை. கோப்பையைக் கழுவி அலுமாரியின் மேல்தட்டில் வைத்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை எங்கள் பக்கத்து ஊர் சாய்ந்தமருதிலும் வெடித்தது. பிறகு வீடு வீடாகச் சோதனை. பஸ்ஸில் அபாயா போட்டவளுக்குப் பக்கத்துச் சீட் காலியாகவே வந்த காலம். கிறிஸ்தவக் கோயில் வாசல்களில் பையைத் திறந்து பார்க்கக் காவல் போட்டார்கள். அதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் தன் பையை ஒரு கோயில் வாசலில் திறந்து காட்டுகிற காட்சியை ராத்தாவால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"எந்த முகத்தோடகா நான் அங்க போற?" என்றாள்.

"உனக்கு இரிக்கிறது ஒரு முகம்தானே. அதோட போ" என்றேன்.

"அவ கூப்பிடல்லயே. இஞ்ச பாரு, நத்தாரும் வந்து போயிட்டு. கோப்ப வரல்ல. பவிதரன் வேணாமெண்டிருப்பான். அவன்ட இடத்தில நான் இரிந்தாலும் வேணாமெண்டுதான் சொல்லுவன்."

முதல் வருஷம் பயம். இரண்டாம் வருஷம் கொரோனா வந்து ஊரை அடைத்தது. மூன்றாம் வருஷம் வெறும் வெட்கம். மூன்றிலும் வெட்கம்தான் பொல்லாதது. அதற்கு மருந்தும் இல்லை, ஊசியும் இல்லை.

எனக்குக் கஷ்டமாக இருந்தது வேறு ஒன்று. ராத்தாவின் வாய் அடைத்துப் போயிற்று. மழை வந்தது, அவள் ஒன்றும் சொல்லவில்லை. கச்சான் வந்து கதவைத் தட்டியது, எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள், அவ்வளவுதான். எங்கள் வளவுக்குள் காலங்கள் பெயர் இல்லாமல் வந்து போயின. அறுபது வயதில் அவளிடமிருந்த ஒரே சீதனம் அந்த முன்பாதிகள். தங்கம் அக்கா இல்லாமல் அவற்றைச் சொல்லவும் அவளுக்கு உரிமை இல்லாதது போல நடந்துகொண்டாள். ஒரு நாள் காலிதீன் மச்சான் கதிரையைப் போட்டு நெடுநேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "ஏன்கா, கவி ஒண்டும் வாறல்லயா? நெல்லு அவியிதில்லயே" என்றார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பை ஊதினாள். கண்ணைக் கசக்கியது புகையால் அல்ல.

அந்த மூன்றாம் வருஷக் கார்த்திகையில் நான் அக்கரைப்பற்றுக்குத் துணி எடுக்கப் போனேன். பஸ் சந்தியில், "நாச்சியா மாமி" என்று யாரோ கூப்பிட்டார்கள். பவிதரன். டிரக்டருக்கு ஏதோ சாமான் வாங்க வந்தவன். முன்தலையில் நரை விழுந்திருந்தது.

"சுபைறா மாமி சுகமா?" என்றான்.

எனக்கு நாக்கு எப்போதும் ஒரு எட்டு முந்தித்தான் போகும். "நீங்க வேணாமெண்டு வெச்சதுக்குப் பிறகு என்ன சுகம்?" என்றேன்.

அவன் விழித்தான். "ஆரு வேணாமெண்ட? கோப்ப திரும்பி வரல்லயே மாமி. காலிதீன் மாமா இனி அந்தப் பக்கம் போக வேணாமெண்டுட்டாராக்கும் எண்டு அம்மா நினைச்சிக்கிட்டு இரிக்கிறா. நான் போய்ப் பாத்திட்டு வாறன் எண்டும் சென்னன். கோப்ப வராம நாம போனா, வற்புறுத்தி இழுக்கிற மாதிரி எண்டு விடல்ல. பிறஷர் கூடி இந்த வருஷம் ரெண்டு தரம் ஆஸ்பத்திரியில கிடந்தா. அப்பவும் உங்க ஆரையும் கூப்பிட விடல்ல."

பஸ் சந்தி என்றும் பாராமல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு கோப்பை! இவள் அது வரவில்லை என்று அழுகிறாள், அவர் அது திரும்பவில்லை என்று அழுகிறார். குண்டு வைத்தவன்கூட இவ்வளவு நினைத்திருக்க மாட்டான். துணியும் எடுக்கவில்லை ஒன்றும் எடுக்கவில்லை, அடுத்த பஸ்ஸில் ஏறி வந்து, ராத்தாவின் வீட்டில் ஸ்டூலைப் போட்டு ஏறி, மேல்தட்டிலிருந்த கோப்பையை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

"இது ஆர்ட?"

"தங்கத்திட."

"ஆர்ட்ட இரிக்கி?"

அவள் கோப்பையின் கரையைத் தடவினாள். நான் நடந்ததைச் சொன்னேன். சொல்லி முடிக்குமுன் அவள் அழத் தொடங்கிவிட்டாள். "ஆஸ்பத்திரியிலயா கிடந்தா? யா அல்லாஹ், தனியாவா?" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"அழுறத மறுகா அழு. இப்ப ஒழும்பி முட்டைய ஒட" என்றேன்.

அந்தக் கோப்பையிலேயே வட்டிலப்பம் ஊற்றி அவித்தாள். சீனி போடவேண்டிய இடத்தில் உப்பை எடுத்தாள், நான் கையைப் பிடித்துத் தடுத்தேன். மறுநாள் லுஹர் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். மழை விட்டபாடில்லை. கிட்டங்கியில் ஆற்றுக்குக் குறுக்கே போட்ட தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்தது. ஓட்டோக்காரர் இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டார். ராத்தா தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இதுதான் சாட்டு என்று திரும்பிவிடுவாளோ என்று பயந்து நான் பவிதரனுக்குப் போன் எடுத்தேன். அவன் டிரக்டர் பெட்டியோடு வந்து எங்கள் இரண்டு பேரையும் ஏற்றினான். வெள்ளம் சக்கரத்தின் பாதிக்கு நின்றது. ராத்தா குடையைக் கோப்பைக்குப் பிடித்தாள். தான் முழுக்க நனைந்தாள்.

தங்கம் அக்கா வாசலில் நின்றார். மெலிந்து போயிருந்தார். ராத்தா பெட்டியிலிருந்து இறங்கி, சேற்றில் நடந்து போய், கோப்பையை நீட்டினாள். அவ்வளவு நாளாக மனதுக்குள் என்னென்னவோ சொல்லிப் பழகியிருப்பாள். எதுவும் வரவில்லை.

தங்கம் அக்கா கோப்பையைப் பார்த்தார். பிறகு இவளைப் பார்த்தார்.

"உயிர்த்த ஞாயிறு பின்னேரம் வரச் சொன்னன்" என்றார். "இவ்வளவு நேரமாகா வாறதுக்கு?"

இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுததை நான் விவரிக்கப் போவதில்லை. நானும் அழுதேன், பவிதரன் டிரக்டரைப் பார்க்கப் போவது போலப் போனான்.

உள்ளே தொழுகைப்பாய் அதே மூலையில் சுருட்டிக் கிடந்தது. தூசி இல்லை. ராத்தா மாற்றுடுப்பு வாங்கி உடுத்து அசர் தொழுதாள். பிறகு தங்கம் அக்கா மாதா சுரூபத்துக்குக் கீழே இருந்து புத்தகத்தை எடுத்தார். அது தானாகவே ஒரு பக்கத்தில் திறந்தது. நடுவில் ஒரு குருத்தோலை, காய்ந்து பழுப்பேறி. குருத்து ஞாயிறன்று கோயிலில் கொடுக்கிற ஓலையை அவர்கள் வீட்டில் வைத்திருந்து, அடுத்த தவக்காலம் தொடங்குமுன் திருப்பிக் கொடுப்பார்கள். அதை எரித்த சாம்பலைத்தான் நெற்றியில் பூசுவார்கள். இத்தனை வருஷப் பழக்கத்தில் அது எனக்கும் தெரியும். இந்த ஓலை எப்போதோ சாம்பலாகியிருக்க வேண்டியது.

"தங்கம் அக்கா, வெளிய மாரி. கார்த்திக மாசம். ஆத்துமாக்கள்ட பக்கத்த எடுங்க" என்றேன்.

"அதெல்லாம் மறுகா பாப்பம், நாச்சியா. இந்தப் புத்தகத்த நான் அண்டைக்குப் பிறகு திறக்கல்ல. நத்தாரும் வாசிக்கல்ல, ஒண்டும் வாசிக்கல்ல. கோயிலுக்குப் போனன், பூச கண்டன். ஆனா இந்த வீட்டுக்கு இன்னும் உயிர்த்த ஞாயிறு வரல்ல. முன்பாதி இல்லாம பின்பாதி எப்பிடி வாற?"

ராத்தா புத்தகத்தை வாங்கினாள். மனப்பாடமாகத் தெரிந்ததுதான், ஆனாலும் விரலை வைத்து வாசித்தாள். தகரக் கூரையில் மழை அடித்த அடியில் குரலை உயர்த்த வேண்டியிருந்தது. வெளியே வயல் எல்லாம் ஒரே வெள்ளம். உள்ளே அவள் கோடையை வாசித்தாள்.

அறுத்த வயலின் தாளடியில்
ஆள்காட்டிக் குஞ்சு நடைபழக,
வறண்ட காற்றில் வேம்பு பூத்து
வாசல் எல்லாம் வெள்ளையிட,

பென்சில் கோடு வந்தது. நிறுத்தினாள்.

தங்கம் அக்கா வாயைத் திறந்தார். உதடு அசைந்தது, குரல் வரவில்லை. தொண்டையைச் செருமினார். மறுபடி முயன்றார். வரவில்லை. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு இவளைப் பார்த்தார், முடியவில்லை என்பது போல. எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

ராத்தா பக்கத்தைப் பார்த்தாள். கோட்டுக்குக் கீழே பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, மெல்ல, "ஆண்டவரே" என்றாள்.

ஒரு சொல்தான். பின்பாதியின் முதல் சொல். அதற்குமேல் ஒரு எழுத்தும் சொல்லவில்லை. தங்கம் அக்கா அதைப் பிடித்துக்கொண்டார்.

ஆண்டவரே, நீர் எழுந்தீரே,
அழுதவள் கண்ணைத் துடைத்தீரே...

கடைசி வரி வரைக்கும் வாசித்து முடித்தார். குரல் இடையில் உடைந்தது, ஆனால் நிற்கவில்லை. திரும்பி வரும் வழியில் நான் இவளிடம், "பின்பாதி தெரியாதெண்டாய்?" என்று கேட்டேன். "ஆண்டவன் எங்களுக்கும் ஆண்டவன்தானே. அந்த ஒரு சொல்லுக்கு வாப்பா ஏச மாட்டார்" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

புத்தகத்தை மூடுமுன் தங்கம் அக்கா குருத்தோலையை எடுத்துப் பவிதரனிடம் கொடுத்தார். "வாற தவக்காலத்துக்கு இதக் கோயில்ல குடுத்திரு" என்றார். வட்டிலப்பத்தை எல்லோரும் தின்றோம். சீனி கொஞ்சம் கூடிவிட்டது. யாரும் சொல்லவில்லை.

புறப்படும்போது கோப்பை கழுவி வந்தது, வெறும் கோப்பையாக அல்ல. நிறைய நாட்டுக்கோழி முட்டை. ராத்தா அதை மடியில் வைத்துக்கொண்டு டிரக்டர் பெட்டியில் ஏறினாள்.

"இத எப்ப திருப்பித் தர?" என்று கேட்டாள்.

"நத்தாருக்கு முதல் நாள் நான் அனுப்பக் கோப்ப வேணும். அதுக்கு முந்திக் கொண்டு வா. மாட்டு வழக்கு வேற கிடக்கு."

"வாறன், இன்ஷா அல்லாஹ்."

பவிதரன் டிரக்டரை இயக்கினான். வளவைத் தாண்டியிருப்போம், தங்கம் அக்கா மழைக்குள் இறங்கி வந்து கையை வாயருகே குவித்துக்கொண்டு சத்தமிட்டார்.

"சுபைறா! இந்த முற வைக்கோலயும் நீயே எடுத்துக்ககா!"

ராத்தா எழுந்து நின்றாள். பெட்டி ஆடிய ஆட்டத்தில் நான் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன்.

"வேணாம்!" என்று திருப்பிக் கத்தினாள். "வைக்கோல் உன்ட! நீதான் வாசிக்கணும்!"

பிறகு உட்கார்ந்து, குடையை முட்டைக்கு மேலே பிடித்துக்கொண்டு, நனைந்தபடியே வாய்க்குள் முணுமுணுக்கத் தொடங்கினாள். டிரக்டர்ச் சத்தத்தில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. வரம்பும் வெள்ளமும் மாடும் என்று ஏதோ வந்தது.